டக்கோட்டாவும் பலாலி வானவழியும்

1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணம் வழியாகச் சென்னையை அடைந்தது. 'சீதாதேவி' எனப் பெயரிடப்பெற்ற அவ்விமானம் டக்கோட்டா டி.சி.3 வகையைச் சார்ந்தது. 1935இல் அமெரிக்காவில் முதன்முதற் பறந்த இவ்வகை, இரண்டாம் உலகப் போரிற் படைகளைச் சுமந்து, போர் முடிந்தபின் பல நாடுகளிற் பயணிகள் சேவைக்கு வந்தது. அப்போர்க்காலத்து ஓடுதளமாகிய பலாலியும் அவ்வாறே குடிமக்கள் பயன்பாட்டிற்கு உரியதாயிற்று.

1964இல் அவ்ரோ 748 வந்தபின் டக்கோட்டா படிப்படியாக ஒதுங்கிற்று. அதனாற் பயணிகளுக்குப் பேரிழப்பு ஏற்படவில்லை. ஊர்தி மாறினும் வழி எஞ்சியிருந்தது. பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரோ அவ்வழியையே மூடிவிட்டது. வவுனியாவின் நெளுக்குளம் முதலாய வன்னி ஊரவரும், தமக்கு அண்மையிலுள்ள பலாலியை விடுத்து, சென்னை செல்லக் கட்டுநாயக்காவை நாட நேர்ந்தது.

2019 நவம்பரிலே ஏ.டி.ஆர். 72 விமானம் சென்னை–பலாலிச் சேவையை மீண்டும் தொடக்கியது. பழைய விமானத்தின் இடத்தைப் புதியதொன்று விரைவில் நிரப்பிவிடும். அறுந்த வழியை இணைக்கவோ ஒரு தலைமுறைக்கு மேற் சென்றது. ஆதலின், வான்போக்குவரத்து வரலாறு எழுதுவோர் ஊர்தியின் ஆயுளோடு வழியின் ஆயுளையும் கணக்கிடல் வேண்டும்.