மெதுவாகப் போகும் ரயிலும் கேங்மேனின் சாதியும்

ரயில் ஓட்டுநர் கையில் வண்டி புறப்படும்போது ஒரு தாள் கொடுப்பார்கள். காஷன் ஆர்டர் என்று பெயர். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை எத்தனை வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். தண்டவாளம் தேய்ந்திருக்கும், சிலீப்பர் கட்டை உளுத்திருக்கும், ஜல்லிக்குள் சேறு ஏறியிருக்கும். மாற்றப் பணமில்லை, அல்லது ஆளில்லை. அதனால் பாதையைச் சரிசெய்யாமல் வண்டியை மெதுவாகப் போகச் சொல்லிவிடுவார்கள். தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட கட்டுப்பாடு வருடக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

வண்டி ஊர்கிறதே என்று பயணி சலித்துக்கொள்வார். பத்திரிகைகளும் நிதி ஒதுக்கீட்டைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பாதை கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை யாருக்கு விதிக்கப்பட்டது என்பதுதான் நம் கேள்வி.

1856இல் சென்னையிலிருந்து ஆற்காடு பக்கம் ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வே 1861இல் சேலத்தை எட்டியது. பதினைந்தே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1871இல் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேலாக இருந்த சேலம் மாவட்ட மக்கள் தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. மாவட்டத்தின் குறுக்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதே இது நடந்தது. தானியம் வந்து இறங்கினாலும் அதை வாங்கக் காசில்லாத பண்ணைக் கூலிகள்தான் முதலில் செத்தார்கள். அவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று யாரும் தனியாக எண்ணவில்லை.

பஞ்சத்துக்குப் பிறகு அரசு தேடிய பரிகாரம் இன்னும் அதிக ரயில் பாதை. அப்படித்தான் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிக்கும் மொரப்பூர்–தருமபுரிக்கும் பஞ்சப் பாதுகாப்பு என்ற பெயரில் இரண்டரை அடி அகலக் குறும்பாதைகள் வந்தன. அன்று அவையெல்லாம் சேலம் மாவட்டம். மொரப்பூர் பாதை 1906இல் தருமபுரிக்கும், 1913இல் ஓசூருக்கும் போனது. சிக்கனமாகப் போட்ட பாதைகளின் ஆயுசும் அவ்வளவுதான். 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டும் மூடப்பட்டுவிட்டன. அதே போர்க்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்ட போடிநாயக்கனூர், நிலம்பூர் பாதைகளுக்கு 1950களில் தண்டவாளம் திரும்பி வந்தது. இந்தக் குறும்பாதைகளுக்கு வரவில்லை. சேலம்–விருத்தாசலம் மீட்டர் கேஜ் பாதை மட்டும் ஆத்தூர், சின்னசேலம் வழியாக இந்த நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்து, பிறகு அகலப்பாதையானது. அவசரக்காரர்கள் பேருந்தில் போனார்கள். காசைப் பார்த்தவர்கள் அந்த ரயிலில் போனார்கள்.

இந்தப் பாதைகளையெல்லாம் தாங்கியவர் கேங்மேன். கடப்பாரையால் கட்டையை நெம்பி, பீட்டரால் ஜல்லியை அடித்துச் செருகி, ஆடியில் வெயிலோ ஐப்பசியில் மழையோ குனிந்தே நின்ற கூட்டம் அது. கீமேன் ஒருவர் தினமும் தன் பீட்டை நடந்தே பார்த்து, கழன்ற சாவியைத் தட்டி இறுக்குவார். சேலம், நாமக்கல் பக்கம் நம் காலனிகளில் விசாரித்துப் பாருங்கள். கேங் வேலைக்குப் போன தாத்தா ஒருவராவது இருப்பார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த தாத்தா இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

இதை 1938 பிப்ரவரியிலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். மன்மாடில் கூடிய ஜி.ஐ.பி. ரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அவர் பேசியதை, பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டு எதிரிகள் என்ற ஒரு வரிக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் தண்டவாளம் இருக்கிறது. தீண்டப்படாதவர் கேங்மேனாகச் சேர்ந்தால் கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார் என்றார். போர்ட்டர் வேலைகூட அவருக்குக் கிடைப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், அந்த வீட்டுக்குள் இவர் நுழைய முடியாது. நம் தொழிற்சங்க வரலாறுகள் இந்தப் பகுதியை ஏன் தாண்டிப் போகின்றன என்று நமக்குத் தெரியும்.

கேங்மேனுக்கும் கீழே ஒருவர் இருந்தார், தற்காலிகக் கூலி. நிரந்தர உரிமை வந்துவிடாதபடி நாள் கணக்குப் பார்த்து நிறுத்துவதும் மறுபடி எடுப்பதுமாக அவர் காலம் போனது. 1974 மே வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. திட்டப் பணிகளில் இருந்த கூலிகளுக்கு வழி பிறக்க 1985இல் உச்ச நீதிமன்றம் இந்தர் பால் யாதவ் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

தண்டவாளம் கெடுவதற்கான காரணங்களில் ஒன்றைப் பற்றிப் பேசவே எல்லோருக்கும் கூச்சம். ரயில் பெட்டியின் கழிப்பறை நேராகப் பாதையில் திறந்திருந்த காலத்தில், மலமும் சிறுநீரும் தண்டவாளத்தின் அடிப்பாகத்தையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் அரித்துத் தின்றன. சென்னையிலிருந்து கோவைக்கும் கேரளத்துக்கும் போகும் இரவு வண்டிகள் வரிசையாக நின்று போகும் சேலம் போன்ற நிலையத்தில் விடியும்போது பாதை எப்படி இருந்திருக்கும்? சேலம், நாமக்கல் மாநகராட்சிகளின் துப்புரவு வேலை எந்தச் சாதியின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறதோ, அந்த அருந்ததியர் மக்களைக் கேட்டால் தெரியும்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதல் சட்டம் 1993இல் வந்தது. ரயில்வே அசையவில்லை. 2012இல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு, கழிவால் பாதை அரிக்கப்பட்டு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் நட்டம் என்று சொல்லி, கழிவு கீழே விழாத கழிப்பறைகளை எல்லாப் பெட்டிகளிலும் வைக்கச் சொன்னது. இரும்பின் நட்டத்துக்குக் கணக்கு வந்தது, அள்ளிய கைக்கு வரவில்லை. 2013 சட்டம் ரயில் பாதையையும் பெயர் சொல்லிச் சேர்த்தது உண்மைதான். ஆனால் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவர் கையால் மலம் அள்ளுபவர் ஆகமாட்டார் என்று ஒரு விளக்கத்தையும் கூடவே வைத்தது. கையுறை மாட்டிவிட்டால் போதும், கணக்கிலிருந்து ஆள் மறைந்துவிடுவார்! சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரயில்வேக்குக் காலக்கெடு வகுக்கச் சொன்ன பிறகுதான் வேலை வேகம் பிடித்தது.

அதே ககோட்கர் அறிக்கையில் இன்னொரு எண் உண்டு. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை வேலை செய்யும்போது செத்த ரயில்வே தொழிலாளர்கள் ஏறக்குறைய 1,600 பேர், காயப்பட்டவர்கள் ஏறக்குறைய 8,700 பேர். பயணிகள் செத்தால் அமைச்சர்கள் பதவி விலகியிருக்கிறார்கள். 1956 நவம்பரில் அரியலூரில் மருதையாற்றில் வண்டி விழுந்தபோது லால் பகதூர் சாஸ்திரி விலகினார். பாதையில் குனிந்து நின்றவர்கள் ஒருவர் இருவராகச் செத்ததற்கு விலகிய அமைச்சர் யார்?

பாதையைப் புதுப்பிக்கவென்று 2017-18இல் ஒரு லட்சம் கோடி ரூபாய் இலக்குடன் தனி நிதி தொடங்கினார்கள். ரயில் தடம்புரள்வது பற்றிய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. பொறியியல் துறையின் பொறுப்பு என்று குறிக்கப்பட்ட 422 தடம்புரள்வுகளில் 171 பாதைப் பராமரிப்புக் குறையால் நடந்தவை. அந்தப் பாதுகாப்பு நிதியில் வாங்கிய பொருட்களையும் அறிக்கை பட்டியலிட்டது. பீங்கான் பாத்திரங்கள், மேசை நாற்காலிகள், கால் பிடித்துவிடும் இயந்திரம்.

இப்போது கேங்மேன் என்ற பெயர் டிராக் மெயின்டெய்னர் என்று மாறியிருக்கிறது. பட்டம் படித்த நம் பிள்ளைகள், பெண்கள் உட்பட, அந்த வேலைக்குத் தேர்வெழுதிப் போகிறார்கள். 2007 நவம்பரில் உருவான சேலம் கோட்டத்தில் அந்தப் பதவியில் எந்தச் சாதியினர் எத்தனை பேர், பத்து ஆண்டுக்குப் பிறகு மேலே போனவர் எத்தனை பேர், பாதையில் இறந்தவர் எத்தனை பேர் என்ற மூன்று கணக்கையும் ரயில்வே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.