பெட்டியடிப் பையனும் பர்மா வீழ்ச்சியும்

செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிப் பூக்கல் தளங்களையும் வியந்து எழுதியவர்கள் பலர். அவ்வீடுகளை எழுப்பிய செல்வம் எத்தகைய சிக்கனத்தில் முளைத்தது என்பதையும், அது கைவிட்டுப் போனபோது பெருமிதத்தை இறக்கி வைத்தவர்கள் எந்தப் பழக்கத்தின் பலத்தில் நிமிர்ந்தார்கள் என்பதையும் எழுதியவர்கள் மிகச் சிலரே.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைத்த உழவர்களுக்கு அப்போது கடன் கொடுத்தவர்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார் என்று வெளியார் அழைக்கும் செட்டிநாட்டு நகரத்தார். உரிமையாளர் குடும்பத்தின் தலைப்பெழுத்துகளால் ஆன 'விலாசம்' என்னும் அடையாளத்தோடு நடந்த இவர்களுடைய கடைகளில், ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு வயதில் சேரும் சிறுவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். தரையில் விரித்த பாயில், கணக்குப் பெட்டியின் அடியில் அமர்ந்து, கடையைப் பெருக்குவதும் தண்ணீர் எடுத்து வைப்பதும் கடிதங்களைப் படியெடுப்பதும் வட்டி போடக் கற்பதுமாக அவன் காலம் கழியும்; பின்னர் உதவியாளராகிய 'அடுத்தாள்' ஆவான், அதன்பின் கடைப் பொறுப்பை ஏற்கும் 'மேலாள்' ஆவான். பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு எழுதப்படும் 'சம்பளச் சீட்டு' என்ற ஒப்பந்தத்தின் பேரில் கடல் கடந்தவர்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, இரங்கூன் மொகல் தெருவில் பல கடைக்காரர்கள் சேர்ந்து தங்கிய கிட்டங்கிகளில் உண்டு உறங்கினார்கள். முதலாளி வீட்டுப் பிள்ளையும் இன்னொருவர் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்தே தொழில் படித்தான் என்பதுதான் இந்த ஏற்பாட்டில் மிகவும் மதிக்கத்தக்க செய்தி.

வீட்டுக்குள்ளும் இதே பயிற்சி நடந்தது. மணமான மகனை அதே வீட்டில் தனி அடுப்பு மூட்டச் செய்து, ஓராண்டுக்குரிய அரிசியையும் செலவுப் பணத்தையும் அளந்து கொடுத்து, அதற்குள் குடித்தனத்தை நடத்தப் பழக்குவதற்கு 'வேறு வைத்தல்' என்று பெயர். இத்தகைய ஒவ்வொரு தம்பதியும் நகரத்தாருக்குரிய நகரக் கோவிலின் கணக்கில் ஒரு 'புள்ளி'. ஆஸ்திக்கேற்ற வரி தனியே இருந்தபோதிலும், புள்ளி வரி செல்வருக்கும் வறியவருக்கும் ஒன்றேதான்.

ஆனால் பர்மாப் பணம் குவியக் குவிய, ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக நீண்ட மாளிகைகளும், சாமான்களைப் பரப்பி வைத்து ஊரார் வாய்பிளக்க நடத்திய திருமணங்களும் குடும்பப் பெருமையின் அளவுகோல்களாகிவிட்டன. 1930 அளவில் பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் என்று வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும், கடனைக் கட்ட முடியாத உழவனின் நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1938க்குள் 25 பங்காயிற்று. இதைச் செல்வப் பெருக்கம் என்று சிலர் எண்ணினாலும், உண்மையில் புழங்க வேண்டிய பணம் சேற்றில் முடங்கியது. நிலத்தை முதலில் இழந்து அழுதவன் பர்மிய உழவன் என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

1941 டிசம்பர் 23இல் இரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் வெளியேறினர். வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம். 1948இல் வந்த நிலச் சட்டம் எஞ்சிய நிலத்தையும், 1963-64இல் நடந்த நாட்டுடைமை எஞ்சிய தொழிலையும் எடுத்துக்கொண்டன. ஊரில் வீடு மட்டும் நின்றது. பங்காளிகள் பலருக்கும் பொதுவான அவ்வீட்டை எளிதில் விற்கவும் முடியாமல், பராமரிக்கவும் முடியாமல், கதவையும் நிலையையும் தூணையும் கழற்றி விற்றவர்கள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவை வந்து சேர்ந்தன.

வீட்டின் கௌரவத்தைக் காப்பதற்காகக் கடன்பட்டவர்கள் மேலும் தாழ்ந்தார்கள். கௌரவம் பாராமல் புதிய தொழிலை அடியிலிருந்து கற்றவர்கள் எழுந்தார்கள். பர்மாவின் மௌல்மீனில் 1900இல் வட்டிக்கடை தொடங்கிய முருகப்பச் செட்டியாரின் குடும்பம், முதலைத் தாயகத்துக்கு மாற்றி, 1949இல் சென்னைக்கு அருகே சைக்கிள் தொழிற்சாலை கண்டது பலரும் அறிந்தது. ஆனால் பர்மாவில் வேலை பார்த்துத் திரும்பி, சென்னையில் 'சக்தி' இதழையும் மலிவு விலை நூல்களையும் வெளியிட்ட வை. கோவிந்தன் போன்றோர் பதிப்புத் துறைக்குக் கொண்டுவந்த உழைப்பு அதற்குக் குறைந்ததன்று. பெருஞ்செல்வம் இல்லாத வீடுகளிலோ, விருந்துக்கென்று பலகாரம் சுட்ட ஆச்சிமார் எனப்படும் நகரத்தார் பெண்கள் அதையே விற்பனைக்குச் சுட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். எந்த மாளிகைக்கும் மேலான மரியாதை இவர்களுக்கு உரியது.

செட்டிநாட்டு மரபைக் காக்க முனைவோர் தூண்களையும் கதவுகளையும் மட்டும் பட்டியலிட்டு நிறுத்தாமல், பரண்களில் கிடக்கும் பேரேடுகளையும் சம்பளச் சீட்டுகளையும் செல்லரிக்கும் முன் திரட்டி, ஆய்வாளர்கள் பார்க்கும்படி நூலகங்களில் சேர்க்க வேண்டும்.