எஸ்.எம்.பி.1 முடக்கம்

எஸ்.எம்.பி.1 முடக்கம் என்பது, சாம்பா முதலிய கோப்புப் பகிர்வு வழங்கிகள் எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதல் பதிப்பில் வரும் இணைப்புகளை ஏற்காதபடி அமைக்கும் பாதுகாப்பு நடவடிக்கை. இது தாக்குதலுக்கு இடம்தரும் வழிகளைக் குறைக்கும் முறைகளுள் ஒன்று.

காரணம்: எஸ்.எம்.பி.3இல் உள்ள குறியாக்கம் முதல் பதிப்பில் இல்லை.

செயல்முறை: சாம்பாவின் அமைவுக் கோப்பில், பொதுப் பிரிவிலுள்ள ‘சர்வர் மின் புரோட்டோகால்’ என்னும் வரியில் எஸ்.எம்.பி.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு குறிக்கப்படும். நெட்பயாஸ் என்னும் பழைய பிணையச் சேவை தேவையற்றதெனில் அதையும் நிறுத்தி, 137, 138, 139 எண் துறைகளை (போர்ட்) மூடலாம். கோப்புப் பகிர்வுக்கு 445ஆம் துறையே போதும். மாற்றிய அமைவை ‘டெஸ்ட்பார்ம்’ கட்டளையால் சரிபார்க்கலாம்.

வரலாறு: 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை தீநிரல், விண்டோஸின் எஸ்.எம்.பி.1 செயலாக்கத்தில் இருந்த பிழையைப் பயன்படுத்தியது. 2019இல் வெளியான சாம்பா 4.11 முதல் எஸ்.எம்.பி.1 இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது.

விளைவு: விண்டோஸ் எக்ஸ்.பி. கணினிகளும், முதல் பதிப்பை மட்டும் அறிந்த பழைய ஸ்கேனர்களும் இவ்வாறு அமைத்த வழங்கியுடன் இணைய இயலாது.