முகம் ஒரு பக்கம் கோணினால் பக்கவாதமா, முகவாதமா? நெற்றியைச் சுருக்கச் சொல்லி டாக்டர் பார்ப்பது என்ன?

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு ஓரமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் முகம் கோணியிருக்கிறது. ‘பனிக்காத்து பட்டிருக்கும்’ என்பார் ஒருவர். இரணியல், தக்கலை பக்கம் என்றால் வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவப் போகலாம் என்ற பேச்சும் வரும். ஆனால் முதலில் தெரிய வேண்டியது, பாதிப்பு மூளையிலா, முகத்துக்கு வரும் நரம்பிலா என்பதுதான்.

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகள் 12 ஜோடி. இவற்றைக் கபால நரம்புகள் என்கிறார்கள். முகத்தை அசைப்பது 7-வது நரம்பு.

நெற்றியில் என்ன தெரியும்?

நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் மூளையின் ஒரு பக்கம் பழுதானாலும் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும். 7-வது நரம்பே பழுதானால் அந்தப் பக்கம் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. இதுதான் முகவாதம்.

இதை வைத்து வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது. மூளைத்தண்டில் வரும் பக்கவாதத்தில் நெற்றியும் செயலிழக்கலாம். கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டாகத் தெரிவது, இதில் எது சேர்ந்தாலும் அவசரம்தான்.

மற்ற நரம்புகளை எப்படிச் சோதிப்பார்கள்?

முதல் நரம்பு வாசனைக்கு. காப்பித்தூளோ சோப்போ போதும். அமோனியா மாதிரி நெடி கூடாது, அது முகத்தின் உணர்வைத் தாங்கும் 5-வது நரம்பைச் சீண்டிவிடும். (அவசரத்தில் பல டாக்டர்கள் இந்தச் சோதனையை விட்டுவிடுவது வழக்கம்.) 2-வது பார்வைக்கு. 3, 4, 6 கண்ணை அசைப்பவை. ‘தலையைத் திருப்பாம விரலை மட்டும் பாருங்க’ என்பது இவற்றுக்காகத்தான்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு ஒரு கண்ணின் பாப்பா விரிந்து, டார்ச் அடித்தும் சுருங்கவில்லை என்றால் மூளை வீங்கியோ ரத்தம் கட்டியோ 3-வது நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகிப்பார்கள். தரையில் படுத்தவருக்கு விடியும்போது இரண்டு இமையும் தொங்கினால் கட்டுவிரியன் கடியாகவும் இருக்கலாம். கடித்த தடமே தெரியாது. அங்கே பழுது நரம்பும் தசையும் சேரும் இடத்தில்.

8-வது காதுக்கும் நிதானத்துக்கும். ‘ஆ’ சொல்லச் சொல்வதும் விழுங்கச் சொல்வதும் 9, 10-க்காக. தோளைத் தூக்குவது 11. நாக்கை நீட்டினால் பலவீனமான பக்கம் சாய்கிறதா என்பது 12.

ஸ்கேன் இருக்கும்போது இது எதுக்கு?

இரணியலை அடுத்த நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி 1838-ல் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் குழுக்களில் இருந்த டாக்டர் சோமர்வெல் வேலை பார்த்த ஊர் அது. சிடி ஸ்கேன் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-ல். அதுவரை உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பியது இந்த மாதிரி சோதனைகளைத்தான். இன்றும் ஸ்கேன் எடுக்கணுமா, எவ்வளவு அவசரம் என்பதை இந்தச் சில நிமிடச் சோதனைதான் சொல்கிறது. ஆரம்பத்தில் எடுக்கும் சிடி ஸ்கேனில் சில பக்கவாதம் தெரியாமலும் போகும்.

என்ன செய்யணும்?

108-ஐ அழையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போல ஸ்கேன் உள்ள இடத்துக்கே போவது நல்லது. ரத்தக்கட்டால் வந்த பக்கவாதம் என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஆரம்பம். அதைக் குறித்துக்கொண்டு போங்கள். தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். 9, 10 பாதித்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

முகவாதம் என்று உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது பலன் தரும். காதில் கொப்புளம் இருந்தால் அதையும் காட்டுங்கள், அக்கியாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ முகம் சரியாகிவிடும். அதுவரை மூடாத கண்ணில் டாக்டர் சொல்லும் சொட்டு மருந்து விட்டு, ராத்திரி இமையை டேப் ஒட்டி மூடி வைக்கணும். இல்லையென்றால் கருவிழி காய்ந்து புண்ணாகும்.