தொண்டையும் முரசும்

பிளாக் மெட்டல் என்றதுமே ரசிகர்கள் நார்வேக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அந்த இசை பேரலையாக எழும்புவதற்கு முன்பே, 1987இல், கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் இரண்டு குழுக்கள் தொடங்கிவிட்டன: பிராகில் மாஸ்டர்ஸ் ஹேமர், பிர்னோவில் ரூட். இரண்டையும் 'முன்னோடிகள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். பிறகு அவை போன திசைகளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரூட்டின் மாற்றம் முழுக்க ஒரு தொண்டையில் நடந்தது. பாடகர் பிக் பாஸ் (நம் டிவி நிகழ்ச்சிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) 1990இல் வந்த முதல் ஆல்பத்தில் கரகரவென்று உறுமுகிறார். அடுத்த ஆண்டின் 'ஹெல் சிம்பனி'யில் பெரும்பாலான பாட்டுகளுக்குப் பிசாசுகளின் பெயர். பாடுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. 1996இல் 'கேர்கெரஸ்'. கற்பனை இனமொன்றின் கதையைச் சொல்லும் இந்த ஆல்பத்தில் அதே மனிதர் கீழ்ஸ்தாயியில், கனத்த, தெளிந்த குரலில் பாடுகிறார். கிட்டார்கள் வேகத்தைக் குறைத்து அவருக்கு வழிவிடுகின்றன.

மாஸ்டர்ஸ் ஹேமரில் மாறியது குரல் அல்ல, அரங்கு. 1991இன் 'ரிச்சுவல்' ஆல்பத்திலேயே டிம்பனி வந்துவிட்டது. சிம்பனிக் குழுவின் பின்வரிசையில் இருக்கும் அந்தச் செம்புக் கொப்பரை முரசுக்கென்றே தனியாக ஓர் ஆள்! டிம்பனிக்குச் சுருதி உண்டு. கிட்டார் இரைச்சலுக்கு அடியில் அது முழங்கும்போது மேடைத்திரை விலகப்போவதுபோல ஒரு படபடப்பு. அடுத்த ஆண்டு திரை விலகியே விட்டது: 'யிலெம்னிட்ஸ்கி ஒகுல்டிஸ்டா', 1913இல் பொஹீமியச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் மூன்று அங்க ஓபரெட்டா (இலகுவான இசை நாடகம்), செக் மொழியிலேயே. குழுவின் கீபோர்டுக் கலைஞர் வொராலின் வாசிப்பு அதில் வாத்தியக்கோஷ்டிக்குச் சமம்.

முதல் கேட்பிலேயே மனத்தில் ஒட்டுவது 'கேர்கெரஸ்'தான். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது 'ஒகுல்டிஸ்டா' என்பேன். அதில் பயமுறுத்தலும் கேலியும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அந்தக் கேலி எல்லை மீறியதும் உண்டு. 1995இல் மாஸ்டர்ஸ் ஹேமர் 'ஷ்லாகரி' என்று பழைய பிரபலப் பாடல்களைக் கையிலெடுத்தபோது மெட்டல் ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். அதன்பின் 2009 வரை புது ஆல்பமே இல்லை. திரும்பி வந்தும் குறும்பு போகவில்லை. எழுத்துரு வடிவமைப்பையே தொழிலாகக் கொண்ட பாடகர் ஷ்டோர்ம், 2012 ஆல்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்து அறிவிப்புப் பலகை போன்ற ஒரு தலைப்பைச் சூட்டினார்: 'பூவாளிகளை எடுத்த இடத்தில் வையுங்கள்'. ரூட்டிடம் இதை எதிர்பார்க்கவே முடியாது.