யுத்தகால வைத்தியசாலைகளில் தொண்டர்கள்

தொண்டு என்னும் சொல் சைவர்களாகிய எமக்குப் புதியதன்று. உழவாரப்படை ஏந்திய அப்பர் சுவாமிகளையும், வழிநடந்தோருக்குத் தண்ணீர்ப்பந்தர் அமைத்த அப்பூதியடிகளையும் பற்றிக் கேட்டே வளர்ந்தோம். ஆயின், தானாக முன்வந்து தொண்டு செய்பவனுக்கு உரிய ஸ்தானம் யாது, அவன் எவருடைய ஆணைக்கு அடங்கியவன் என்னும் வினாக்களை நாம் அதிகம் எழுப்புவதில்லை. யுத்தகால வைத்திய சேவையில் இவ்வினாக்கள் எழுந்தே தீர்ந்தன.

1854ஆம் ஆண்டில் 38 தாதியருடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாருக்கே இராணுவ வைத்தியர்கள் முதலில் இடங்கொடுக்கவில்லை. பின்னர் 1909இல் பிரித்தானியாவில் தொண்டர் உதவிப் பிரிவுகள் அமைந்தன. முதலுதவியும் நோயாளர் பராமரிப்பும் கற்ற தொண்டர்கள், பயிற்சி பெற்ற தாதியரின் கீழ் நின்று உதவுவது அவற்றின் முறை. நம்மவர் சம்பந்தப்பட்ட மூன்று நிகழ்ச்சிகளை இனி நோக்குவோம்.

1899 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவிலே போயர் யுத்தம் மூண்டது. நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாயிருந்த இந்தியருள் தமிழர் மிகப் பலர். டர்பனில் டொக்டர் பூத் பாதிரியாரின் மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்து அவ்வேழைகளுக்கு உதவியவர் காந்தியடிகள். அவர் திரட்டிய தொண்டர் படையை அரசாங்கம் முதலில் வேண்டாமென்றது. தோல்விகள் நேர்ந்தபின் ஏற்றுக்கொண்டது. படையினர் ஏறத்தாழ 1,100 பேர். தலைவர்கள் 40 பேரளவில். ஒப்பந்தத்துக்குட்படாத இந்தியர் 300 பேரளவில். மற்றையோர் ஒப்பந்தக் கூலிகள். துப்பாக்கிச் சூட்டெல்லைக்குள் அவர்கள் செல்லவேண்டியதில்லை என்பது நிபந்தனை. ஸ்பியன் கொப் சமரின்போது, "கட்டாயமில்லை, வந்தால் நன்றியுடையோம்" என்ற கருத்துப்படத் தளபதி புல்லர் சொல்லியனுப்பினார். அவர்கள் சென்றார்கள். காயப்பட்டோரைத் தூக்குக்கட்டில்களிற் சுமந்து நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்தார்கள். ஈற்றில் போர்ப்பதக்கம் பெற்றோர் தலைவர்கள் மாத்திரமே. சுமந்த கூலிகளின் பெயர்களை இன்று எவர் அறிவார்?

இரண்டாவது நிகழ்ச்சி 1914இல் இலண்டனில் நடந்தது. முதலாம் உலக யுத்தம் தொடங்கியதும் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 80 இந்தியர் வரையில் டொக்டர் கன்ற்லியிடம் ஆறு வாரம் முதலுதவி கற்றனர். பரீட்சையிலே தவறியவர் ஒருவரே. அதன்பின் கேணல் பேக்கரின் கீழ் அணிநடைப் பயிற்சி பெற்றனர். கேணல், தொண்டர்களைக் கேளாமலே, ஒக்ஸ்போர்ட் மாணவர் சிலரைப் பிரிவுத் தலைவராக நியமித்தார். "பயிற்சியில் உங்கள் ஆணைக்கு அடங்குவோம், எமது தலைவரை நாமே தெரிவோம்" என்பது தொண்டர்களின் நிலை. பிணக்கு முற்றியது. அவ்வேளையில் பிரான்சிலே காயமுற்ற இந்தியச் சிப்பாய்கள் நெற்லி இராணுவ வைத்தியசாலைக்கு வந்து குவிந்தனர். நோயாளியைக் காக்கவைத்து உரிமை பேசுதல் தகுமா? உதவி மந்திரி ரொபேட்ஸ் வந்து சமாதானம் பேச, தொண்டர்கள் நெற்லிக்குச் சென்றனர்.

மூன்றாவது, பெண்களின் கதை. 1943 ஒக்டோபர் 22ஆந் திகதி சிங்கப்பூரிலே ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டொக்டர் லட்சுமி. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய குடும்பங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். 1944இல் பர்மாவின் மேமியோவிலே, இம்பால் போர்முனையிலிருந்து மலேரியாவோடும் வயிற்றுளைவோடும் வந்த வீரர்களை இவர்கள் பராமரித்தனர். இவர்கள் இரவல் உதவியாளர் அல்லர். சீருடையும் பதவியும் பெற்ற படையினர். ஆணையிட்டவளும் ஒரு பெண்ணே. நேட்டாற் கூலிக்குக் கிட்டாத ஸ்தானம், 44 ஆண்டுகளின்பின் தோட்டத் தொழிலாளியின் மகளுக்குக் கிட்டியது.

நிற்க. இவையெல்லாம் தூரதேசத்துப் பழங்கதைகள் என்று நாம் தள்ளிவிடலாகாது. எமது வடமாகாணத்திலும் யுத்த நெருக்கடியில், ஆளணி குறைந்த வைத்தியசாலைகளிலே தொண்டராய் நின்றோர் உளர். 2009இல் யுத்தம் ஓய்ந்த பின்னர், சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனங் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்ததையும் கண்டோம். ஆபத்திலே கைகொடுத்தவரை ஆபத்து நீங்கியதும் மறப்பது நன்றியறிதலாகுமா?

இளைஞர்களாகிய நாம் கைக்கொள்ளவேண்டியவை மூன்று. முறையாகக் கற்றபின்பே தொண்டுக்கு முன்வருதல்; உரிமையைக் கேட்கும்போதும் நோயாளியை மறவாதிருத்தல்; தொண்டு செய்தோரின் பெயரைப் பதிந்துவைத்தல். மூன்றாவதை இன்றே தொடங்கலாம். மந்திகை ஆஸ்பத்திரியிலும் எம்மூர் அகதி முகாம்களிலும் அந்நாளிற் காயத்துக்குக் கட்டுப்போட்டவர் யார், இரத்தம் கொடுத்தவர் யார், இரவிலே கண்விழித்தவர் யார் என்பதை முதியோர் அறிவர். அவர்கள் சொல்ல நாம் எழுதுவோம். அடுத்த ஆண்டு மலரில், அவர்கள் இசைந்தால், அப்பெயர்கள் இடம்பெறட்டும். பதக்கம் கொடுக்க எம்மால் இயலாது, மறவாதிருக்க இயலும்.