இன்டர்லாக்கன் இசை முகாம்

இன்டர்லாக்கன் இசை முகாம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராவர்ஸ் சிட்டி நகருக்குத் தென்மேற்கே, கிரீன், டக் என்ற இரு ஏரிகளுக்கு நடுவிலுள்ள பைன் காட்டில் அமைந்துள்ளது. மாணவர்கள் தங்கிப் பயிலும் இந்தக் கோடை முகாமை ஜோசப் மேடியும் தாடியஸ் கிடிங்ஸும் 1928-இல் தொடங்கினர். அதற்கு முன் 1926-இல், பல மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் திரட்டி, டெட்ராய்ட்டில் நடந்த இசையாசிரியர் மாநாட்டுக்காக மேடி ஓர் ஆர்கெஸ்ட்ரா அமைத்திருந்தார். சில நாள் ஒத்திகையும் கச்சேரியும் முடிந்ததும் அது கலைந்துபோனது. அத்தகைய கூட்டிசையை ஒரு கோடை முழுக்க நீடிக்கச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே முகாமாக உருவெடுத்தது.

காடு, ஏரி, நீச்சல், படகு என்பவை இசைப் பாடத்துக்கு ஒட்டுப்போட்ட பொழுதுபோக்கு என்று கருதுவது தவறு. ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை சென்றாலும் தனித்திறன் வளரும். கூட்டிசை அப்படி வளராது. பக்கத்து வயலினின் வில் எந்தத் திசையில் நகர்கிறது, குழல் வாசிப்பவர் எங்கே மூச்செடுக்கிறார் என்பதைக் காதும் கண்ணும் தாமாகவே கவனிக்க, அதே மனிதர்களோடு நாள்தோறும் அமர வேண்டும். ஒரே குடிலில் உறங்கி, ஒரே கூடத்தில் உண்டு, மாலையில் ஒன்றாக நீந்துபவர்களுக்கு அந்தப் பழக்கம் விரைவில் கைகூடுகிறது. உடலுக்கும் இது தேவை. மணிக்கணக்கில் ஒரே நிலையில் வாசிக்கும் தோளும் மணிக்கட்டும் வேறு வகை அசைவை வேண்டுகின்றன. கூடி வாழ்வதில் இங்குள்ள சீருடைக்கும் பங்குண்டு: எல்லாருக்கும் நீல உடை என்பதால் செல்வர் வீட்டுப் பிள்ளை யார் என்று பார்வைக்குத் தெரிவதில்லை.

திறந்தவெளி வாத்தியங்களுக்கு ஆகாது என்ற ஆட்சேபத்தில் உண்மை உண்டு. ஈரக்காற்றில் மரம் உப்பும். வெயிலில் தந்தியின் சுருதி இறங்கும், ஊதுகருவியின் சுருதி ஏறும். ஆனால் மாறும் சுருதியைக் கேட்டுத் திருத்துவதும் இசைஞருக்குரிய பயிற்சியே. இன்னும் கடுமையான ஆட்சேபம் போட்டியைப் பற்றியது. ஆர்கெஸ்ட்ராவில் யார் எந்த இருக்கையில் அமர்வது என்பதை நெடுங்காலம் வாராந்தரச் சவால்களே முடிவு செய்தன. இருவர் ஒரே பகுதியை அடுத்தடுத்து வாசிக்க, சக மாணவர்கள் கண்ணை மூடியபடி கைதூக்கித் தீர்ப்பளித்தனர். முகம் பாராத தீர்ப்பு என்பது அதன் நேர்மை. வாரந்தோறும் தோல்விக்கு அஞ்சி வாசிப்பது அதன் விலை. அந்த அச்சம் எல்லா மாணவர்களுக்கும் நன்மை செய்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் தோற்றவரும் வென்றவரும் அன்று மாலையே ஒரே ஏரியில் இறங்கும் ஏற்பாடு, தனித்து நின்று தோற்பதன் கசப்பைக் கொஞ்சமாவது குறைக்கும். முகாமின் வெளிப்புற வாழ்வு மிகவும் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

கட்டணம் பலருக்கு எட்டாதது என்பதே விடை எளிதில் கிடைக்காத குறை. உதவித்தொகை உண்டு, அது எல்லாரையும் எட்டிவிடாது. ஆனால் இது சேர்க்கை முறையின் குறையே ஒழிய, கல்வி முறையின் குறை அல்ல. அந்தக் கல்வி முறை கோடையோடு நின்றுவிடவும் இல்லை: 1962-இல் அதே வளாகத்தில் ஆண்டு முழுதும் இயங்கும் உறைவிடக் கலைப்பள்ளி தொடங்கப்பட்டது. கோடையில் பயன் தந்தது பாடம் மட்டுமல்ல, கூடி வாழ்தலும்தான் என்பதை நிறுவனத்தாரும் உணர்ந்திருந்ததற்கு இதுவே சான்று.